பம்ப் மேல் ஒரு பொய்க்கோடு

அத்தியாயம் 14

சாவி டீப்பாய் மேல் கிடந்தது.

பேரீச்சம்பழ டப்பாவுக்கும் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கும் நடுவே, விலை கேட்க ஆளில்லாத சரக்கு மாதிரி. பதினைந்து வருஷம் டிரைவர் அசோகனின் சட்டைப் பையில் உரசி உரசி, அதன் பித்தளை வளையம் தங்கத்துக்குத் தம்பியாகியிருந்தது. இன்று காலை ஏழரை மணிக்கு அவரே கொண்டுவந்து வைத்தார்.

"கேட்டீங்களே பாய், வச்சுட்டேன்" என்றார்.

ஷரஃபுதீன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஜும்மா தொழுதுட்டு வரேன். வந்து பேசி முடிச்சிடலாம். அதுவரைக்கும் இரு" என்றார்.

பதினோரு நாளாக இந்த வீட்டில் புகைவது என்னவென்று தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சுருக்கமாக: மயிலாப்பூரில் கால்வாயை ஒட்டி, பறக்கும் ரயில் பாலத்துக்கு எதிரே ஷரஃபுதீனின் வீடு. பாலத்துக்குக் கீழே அவருடைய ஒரே தண்ணீர் லாரி. விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி, மேடவாக்கம் பக்கம் தண்ணீர் ஏற்றி, அடையாறு, தி.நகர் அடுக்கு வீடுகளில் இறக்கும். அந்த லாரி திடீரென்று டீசலை மொடாக்குடியன் மாதிரி குடிக்க ஆரம்பித்தது. அடையாறு பாலம் ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. ஷரஃபுதீன் டேங்க்குக்குள் குச்சி விட்டு மூன்று நாள் அளந்தார். நாலாம் நாள், டிரைவர் டீசலை உறிஞ்சி விற்கிறார் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அசோகன் மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அதுவே ஒப்புதல் ஆகிவிட்டது.

டீசலை எடுத்தது யார் என்று உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். ஷரஃபுதீனின் மூத்த மகன் இனாயத். அவன் இப்போது அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டு, ஆறிப்போன சாயாவைக் கையில் வைத்திருந்தான்.

யாரும் எடுக்கவில்லை. அதுதான் உண்மை. இன்ஜின் தானே குடித்தது. குடிக்க வைத்தவன் இனாயத்.

எல்லாம் தங்கை மெஹக்கின் குழந்தைக்காக. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள், தெருவைப் பார்த்த முன்னறையில் படுத்திருந்தாள். தினமும் நாலு மணிக்கு லாரி கிளம்பும். கடகடகடவென்று பாலத்துக்கே பல் கூசும். குழந்தைக்குத் தூக்கிவாரிப் போடும். குடித்த பால் வெளியே வரும். குழந்தை அழ, மெஹக் அழ, அம்மா அஃப்சருன்னிசா லாரியைச் சபிக்க, விடிவதற்குள் வீடு கர்பலா போர்க்களம் ஆகிவிடும்.

இனாயத்துக்கு ஓரளவு கைவேலை தெரியும். டீசலை இன்ஜினுக்குள் பீச்சுகிற பம்ப் கொஞ்சம் தாமதமாகப் பீச்சினால் அந்த உலோக அடி குறையும் என்று தெரியும். தாமதமானால் இழுவை போகும், சூடு ஏறும், டீசல் வீணாகும் என்பதும் தெரியும். ஆனால் ஆசை வந்தவன் சரக்கின் ஒரு பக்கத்தைத்தானே புரட்டிப் பார்ப்பான்? அப்பா ஆம்பூருக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, மூன்று நட்டைத் தளர்த்தி, பம்ப்பை ஒரு நூல் அளவு திருப்பி வைத்தான். அரிசியின் அகலம் இருக்கும்.

மறுநாள் லாரி பூனை மாதிரி கிளம்பியது. குழந்தை அசையவில்லை. மூன்று வாரத்தில் முதல் தடவையாக மெஹக் ஏழு மணிவரை தூங்கினாள்.

இதோடு நின்றிருந்தால் அசட்டுத்தனம் என்று மன்னிக்கலாம். ஆனால் பம்ப்பைச் சரியான இடத்தில் பூட்டிய மெக்கானிக், பம்ப்பிலும் இன்ஜினிலும் சேர்த்து உளியால் ஒரு கோடு போட்டிருப்பான். இரண்டு துண்டும் நேராகச் சேர்ந்திருந்தால் பம்ப் நகரவில்லை என்று பொருள். நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். பழைய சாமான் சந்தையில் நாற்பது வருஷம் பேரம் பேசிய அப்பாவின் கண், மயிரிழை விலகலையும் பிடித்துவிடும். அதனால் இனாயத் பழைய கோட்டை அரத்தால் தேய்த்து அழித்தான். புது இடத்தில் நேராக ஒரு கோடு வெட்டினான். பளபளப்புத் தெரியாமல் கரியும் கிரீஸும் பூசினான். கள்ளச் சரக்குக்கு நல்ல முத்திரை.

முத்திரை பிரமாதமாக வேலை செய்தது. போன வாரம் மெக்கானிக் சாய்நாத் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "கோடு நேரா கீது பாய். பம்ப்ல குத்தமில்ல. நீங்க ஆளைப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பம்ப் நிரபராதி ஆனது. அசோகன் திருடர் ஆனார்.

*

"பாயிஜான்."

முன்னறைத் திரைக்குப் பின்னாலிருந்து மெஹக்கின் குரல். மணி பதினொன்றே முக்கால்.

"தூங்கலையா நீ?"

"பதினோரு நாளா நல்லாத் தூங்கறேன். அதான் இப்ப தூக்கம் வரல."

இனாயத் காதில் விழாத மாதிரி செருப்பைத் தேடினான்.

"அன்னிக்கு நீ அரம் தேய்ச்சதை நான் பார்த்தேன். நாப்பது நாளு வாசப்படி தாண்டக்கூடாதுன்னு உக்காந்திருக்கேன், ஜன்னலைத் தவிர எனக்கு வேற என்ன டிவி?"

செருப்பு கையிலேயே நின்றது.

"ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"நீ சொல்வேன்னு இருந்தேன். அப்புறம்... சொன்னா மறுபடியும் அந்தச் சத்தம் வருமேன்னு இருந்தேன். உன் பாவத்துல எனக்கும் பங்கு இருக்கு, போ." அவள் திரையைச் சற்று விலக்கினாள். "காலைல அந்த மனுஷன் சாவிய வச்சுட்டு வெறுங்கையோட படி இறங்கிப் போனதைப் பார்த்தேன் பாயிஜான். அப்பா வந்து அந்தச் சாவிய எடுத்து உள்ள வைக்கறதுக்கு முன்னாடி நீ சொல்லிடு. இல்லேன்னா நான் குழந்தையத் தூக்கிக்கிட்டு தெருவுல இறங்கி நானே சொல்லுவேன்."

"பைத்தியமா? இன்னிக்கு முப்பத்திநாலாம் நாள்தான். அம்மா கத்துற கத்துல கபாலி கோயில் குளத்துத் தண்ணி ஆடும்."

"ஆடட்டும்."

அப்பா அத்தர் மணக்க, தொப்பியைச் சரி செய்துகொண்டு வெளியே வந்தார். "கிளம்பலையா?"

"வயிறு சரியில்லப்பா."

வெள்ளிக்கிழமை அன்றைக்கும் ஒரு பொய். எண்ணிக்கையில் எத்தனையாவது என்று இனாயத் எண்ணுவதை நிறுத்தியிருந்தான்.

*

அவன் மனசுக்குள் ஒரு பேரம் படிந்தது. அப்பா திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள் பம்ப்பைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டால்? லாரி தானாகக் குணமாகிவிடும். ஏதோ தூசி, ஏதோ காற்று என்று சொல்லிக்கொள்ளலாம். அசோகனும் தப்பிப்பார், தானும் தப்பிக்கலாம். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைத்துவிட்டால் திருட்டே நடக்கவில்லை என்கிற சாமர்த்தியம்.

ஒரே சிக்கல். பழைய இடம் எது? காட்டவேண்டிய கோட்டைத்தான் அவனே தேய்த்துத் தின்றுவிட்டானே! இனி சொட்டு முறையில்தான் பிடிக்க வேண்டும். பம்ப்பின் முதல் குழாயைக் கழற்றி, வளைந்த ஒரு சின்னக் குழாய் மாட்டி, டீசல் சொட்டுவதைப் பார்த்து நேரம் பிடிப்பது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முன்னால் உட்கார்ந்து இன்ஜினைச் சுற்ற, இன்னொருவர் மேலே சொட்டைப் பார்க்க.

சாய்நாத்தைக் கூப்பிட்டால் அது நேரே அப்பா காதுக்குப் போகும். வேறு யார் இருக்கிறார்கள்?

பாலத்துத் தூணருகே பழைய டயர் மேல் அசோகன் உட்கார்ந்திருந்தார். வலது காதில் பஞ்சு. கிட்டே போனால் பூண்டு எண்ணெய் வாசனை.

"அசோகண்ணா, பம்ப்பை ஒரு தடவை பார்த்துடலாம்னு... கொஞ்சம் சுத்திக் குடுக்கறீங்களா?"

"இன்னா?"

"சுத்திக் குடுக்கறீங்களான்னேன்!"

"அதுக்கு இன்னாத்துக்கு நைனா கத்தறே? வா."

சாவியைப் பிடுங்கிக்கொண்ட வீட்டுக்காக, அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முன் பம்பருக்குக் கீழே குனிந்தார். நீளமான ஸ்பானரை மாட்டினார். இனாயத் கேபினுக்குள் ஏறி, இன்ஜின் மூடியைத் தூக்கினான். அவன் போட்ட கோடு கரிக்கு அடியில் ஒழுங்குப் பிள்ளையாக நேராகக் கிடந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் ஒரு துணியைப் போட்டு மூடினான்.

குழாயைக் கழற்றினான். உள்ளே இருந்த சின்ன வால்வை எடுத்துக் கிண்ணத்தில் போட்டான். வளைந்த குழாயை மாட்டினான்.

"சுத்துங்கண்ணா. முன்னாடி இன்ஜின் சக்கரத்துல அடையாளம் வரும், சொல்லுங்க."

ஸ்பானர் கிரீச்சிட்டது. அசோகன் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினார். "வந்திடுச்சு. ஆனா இது மூச்ச விடற சுத்து நைனா, கை லேசாப் போவுது. இன்னொரு ரவுண்டு போனாத்தான் மூச்சப் பிடிக்கற சுத்து. அதுலதான் வைக்கணும்."

இனாயத் அதை யோசித்திருக்கவே இல்லை. அடையாளம் இரண்டு சுற்றிலும் வரும், தவறான சுற்றில் வைத்தால் இன்ஜின் கிளம்பவே கிளம்பாது. திருடர் என்று பெயர் வாங்கிய மனிதர், திருடாதவனின் தப்பைத் திருத்திக்கொண்டிருந்தார்.

இரண்டாவது சுற்றில் ஸ்பானர் திமிறியது. "பிடிச்சுக்கிச்சு. இப்ப பாரு."

இனாயத் நட்டைத் தளர்த்தி, டீசலைத் தள்ளுகிற கைப் பம்ப்பை அழுத்தினான். வளைந்த குழாயிலிருந்து டீசல் நூலாக ஒழுகியது. பம்ப்பை மெல்ல மெல்லத் திருப்பினான். நூல் அறுந்து சொட்டானது. சொட்டுக்கு நடுவே இடைவெளி நீண்டது. சொட்டு நிற்கப்போகிற அந்த விளிம்புதான் சரியான இடம். அந்த விளிம்பிலிருந்து ஓர் அரிசி அகலம் விலகியதற்குத்தான் கீழே ஒரு மனிதன் திருட்டுப் பட்டத்தோடு குந்தியிருக்கிறான்.

"யா அல்லா, மன்னிச்சிடு" என்று முணுமுணுத்தான். உதடு அசைந்ததா என்று அவனுக்கே சந்தேகம்.

"யார நைனா மன்னிக்கச் சொல்றே?" என்றது பம்பருக்குக் கீழிருந்து ஒரு குரல்.

இனாயத்தின் கை பம்ப் மேல் உறைந்தது. "அது... கேட்டுச்சா உங்களுக்கு?"

ஸ்பானரைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு அசோகன் எழுந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு குழப்பம்.

"கேட்டுச்சு" என்றார். "அதான் புரில. நைனா, உன்னாண்ட ஒண்ணு சொல்றேன். பாயாண்ட சொல்லிடாத. எனக்குக் காது போயிடுச்சு."

"என்னது?"

"பதினோரு நாளு முந்தி, காலைல ஸ்டார்ட் பண்றேன், வண்டி சத்தத்தையே காணோம். பதினஞ்சு வருஷமா என் எலும்புல ஏறின சத்தம். ஆளு பேசறது கேக்குது, பஸ் ஹாரன் கேக்குது, வண்டி மட்டும் பஞ்சுல சுத்துன மாதிரி கீது. கெவுர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மெஷின் மாட்டி டிங்கு டிங்குன்னு விட்டுப் பார்த்துட்டு, நல்லா கீதுன்னாங்கோ. நான் நம்பல. என் வண்டி சத்தம் எனக்குத் தெரியாதா? டாக்டருக்கா தெரியும்?"

ரயில் ஒன்று தலைக்கு மேலே போனது. இரண்டு பேரும் அது போகும்வரை காத்திருந்தார்கள்.

"ஊட்ல பொஞ்சாதி தேவானையாண்ட பேசறதையே நிறுத்திட்டேன். தப்பா எதுனா பதில் சொல்லி மாட்டிக்கினா? அவ எவளோ ஒருத்தி வந்துட்டான்னு நெனச்சுக்கினு அழுவுறா. இந்த மூஞ்சிக்கு எவ வருவான்னு அவளுக்கே தெரியும், இருந்தாலும் அழுவுறா."

"அப்பா திருடன்னு சொன்னாரே, அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாம்ல?"

"இன்னான்னு தொறக்கறது? வண்டில கோளாறு கீது, சத்தம் மாறிப்போச்சுன்னு சொன்னா, உனக்குத்தான் காதுல கோளாறுன்னு தெரிஞ்சிடும். திருடன்னா இன்னொரு லாரி கெடைக்கும் நைனா. திருடாத டிரைவர் எவன் கீறான்னு சொல்லி ஏத்திக்குவானுங்கோ. செவிடன்னா? எவன் சாவி குடுப்பான்?"

இனாயத் சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில், அந்த நொடியில், முழு வாக்கியமும் நாக்கு நுனிவரை வந்து நின்றது. சந்தையில் வாங்க வந்தவன் கடைசி நேரத்தில் பர்ஸை மறுபடி உள்ளே தள்ளுவதைப் போல அதை விழுங்கினான்.

"நட்டை டைட் பண்ணிடறேன்" என்றான்.

*

வால்வையும் குழாய்களையும் மாட்டி, காற்றை வெளியேற்றி முடிக்க அரை மணி ஆயிற்று. இனாயத் வீட்டுக்குள் ஓடி டீப்பாயிலிருந்து சாவியை எடுத்தான். திரைக்குப் பின்னால் மெஹக் நின்றாள். அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அசோகன் சாவியை வாங்கிச் செருகித் திருப்பினார்.

ஒரு தும்மல். ஒரு கறுப்புப் புகை. அப்புறம், கடகடகடகடவென்று பாலத்தின் அடிவயிறு அதிர்ந்தது.

அசோகன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கி எறிந்தார்.

"கேக்குது நைனா!" கண்ணில் தண்ணீர் நிற்கச் சிரித்தார். "வந்துடுச்சு! முண்டகக்கண்ணி அம்மனுக்கு மொட்டை போடறேன்னு வேண்டிக்கினேன். ஞாயித்துக்கெழமை போறேன் பாரு, தேவானையையும் இட்டுக்கினு!"

வீட்டுக்குள் குழந்தை வீறிட்டது. அஃப்சருன்னிசா லாரியின் ஏழு தலைமுறையைச் சபித்தாள்.

ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் சிரிப்பு. இரண்டுக்கும் காரணமானவன் நடுவில் கையில் ஸ்பானரோடு நின்றான். தன் குற்றத்துக்கு அம்மன் சன்னதியில் இன்னொருவன் தலைமுடி இறங்கப்போகிறது. இதைவிடக் கேவலமாக ஒரு மனிதன் தப்பிக்க முடியுமா?

"யாரு வண்டிய எடுக்கச் சொன்னது?"

தெருமுனையிலேயே அந்தச் சத்தம் ஷரஃபுதீனுக்குக் கேட்டிருக்க வேண்டும். தொப்பி கலைய வேகமாக வந்தார். அசோகன் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். பெரியவர் கேபினில் ஏறினார். துணியை விலக்கினார். விரலால் கரியைத் துடைத்தார்.

கோடு உடைந்திருந்தது. பம்ப் சரியான இடத்துக்கு வந்துவிட்டது. ஆகவே பொய்க்கோடு இரண்டு துண்டாகி, பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது.

"ஓஹோ" என்றார் ஷரஃபுதீன். இறங்கி, அசோகனுக்கு எதிரே வந்தார். "டீசலையும் எடுத்தே. மாட்டிக்கிட்டதும் பம்ப்பைத் திருகி, பழி வண்டி மேலன்னு நாடகம் ஆடறியா? அதுவும் நான் தொழப் போன நேரத்துல?"

அசோகன் பெரியவரைப் பார்க்கவில்லை. இனாயத்தைத்தான் பார்த்தார். நாம ரெண்டு பேரும் சேர்ந்துதானே செஞ்சோம், சொல்லேன் நைனா, என்கிற வெள்ளந்தியான பார்வை. அதில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. இனாயத்துக்கு அதுதான் தாங்கவில்லை.

வாசலில் தாழ்ப்பாள் சத்தம். மெஹக், குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரு காலைப் படிக்கு வெளியே வைத்தாள்.

"நான்தாம்ப்பா!" என்றான் இனாயத்.

அவள் கால் வெளியே வந்ததால் சொன்னானா, அவள் வராவிட்டாலும் சொல்லியிருப்பானா என்பது இன்றுவரை அவனுக்கே தெரியாது. ஆனால் ஆரம்பித்த பிறகு நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை, மூன்று நட்டு, அரம், புதுக்கோடு, கரி, எல்லாவற்றையும் கொட்டினான். "அவர் ஒரு சொட்டு டீசல்கூட எடுக்கல. வண்டி குடிச்சது, நான் பம்ப்பைத் தப்பா வச்சதாலதான். அவருக்குக் காதும் போகல. சத்தத்தை மாத்தினதும் நான்தான்" என்று முடித்தான்.

ஷரஃபுதீனின் கை ஓங்கியது. பாதியில் நின்றது. முப்பத்தாறு வயது மகனை நடுத்தெருவில் அடிப்பது எப்படி என்று தெரியாமல் அந்தக் கை தொப்பியைச் சரிசெய்துகொண்டது.

பிறகு அசோகன் பக்கம் திரும்பினார். அவர் வாழ்நாளில் விலையைக் குறைத்திருக்கிறார், மன்னிப்புக் கேட்டதில்லை. தொண்டையைச் செருமினார்.

"உள்ள வா அசோகா. பிரியாணி ஆயிடுச்சு. உக்காந்து சாப்பிட்டுப் போ."

"பசியில்ல பாய்."

பதினைந்து வருஷத்து வெள்ளிக்கிழமைகளில் அந்த வீட்டுச் சோற்றை அசோகன் வேண்டாம் என்றது இதுவே முதல் தடவை. லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டார். இனாயத் அருகே வந்து ஒரு விநாடி நின்றார்.

"டாக்டர் சொன்னத நம்பாம, உன் வண்டிய நம்புனேன் நைனா" என்றார், கோபமே இல்லாமல். "காது நல்லாத்தான் கீது. அதுவரைக்கும் சந்தோசம்."

பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார். அவர் வீடு இருக்கும் பெரும்பாக்கத்துக்கு இரண்டு பஸ் மாறவேண்டும். திரும்பிப் பார்க்கவில்லை.

அஃப்சருன்னிசா மகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிரியாணி அண்டா மூடியபடியே இருந்தது. ஷரஃபுதீன் வழக்கம்போல் கண்ணாடிக் கூட்டை எடுக்க டீப்பாய் பக்கம் கையை நீட்டியவர், நீட்டியபடியே நின்றார்.

"சாவி எங்கே?"

அசோகன் வண்டியை அணைத்தபோது சாவியை உருவியது இனாயத்துக்கு நினைவு வந்தது. பழக்க தோஷத்தில் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருப்பார். அல்லது பழக்க தோஷம் இல்லையோ? நாளைக் காலை நாலு மணிக்கு வருவதற்காக வைத்துக்கொண்டாரா? அல்லது கால்வாயில் வீசிவிட்டுப் போனாரா?

"போன் போட்டுக் கேளு" என்றார் அப்பா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

இனாயத் எண்ணை அழுத்தினான். நாலு தடவை ரிங் போனபின் எடுக்கப்பட்டது. எதிர்முனையில் ஓடும் பஸ்ஸின் இரைச்சல். கண்டக்டரின் விசில். யாரோ சில்லறை கேட்டார்கள். இனாயத் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். சாவியைக் கேட்பதற்கு முன்னால் கேட்கவேண்டிய வேறொன்று இருந்தது.

பஸ் எங்கோ நின்று, இரைச்சல் அடங்கியது.

"நல்லா கேக்குது நைனா" என்றது அந்தக் குரல். "பேசு."